இலக்கம் மாறினால் ஆளும் மாறுவரோ?

எண்ணும் எழுத்தும் என்று இரண்டையும் ஒருங்கிணைத்துக் கூறுவது தமிழர் வழக்கு. எண் அளவைக் காட்டும். எழுத்துப் பெயரைக் காட்டும் என்பது பொதுவாக நாம் கொண்டுள்ள எண்ணம். ஆயின் எண்ணின் உடை தரித்துப் பெயரின் தொழிலைச் செய்யும் ஓர் இனமும் உண்டு. பாடசாலைச் சேர்விலக்கம், பரீட்சைச் சுட்டிலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம் ஆகியவை அவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றை எவரும் கூட்டுவதில்லை, கழிப்பதில்லை, ஒருவருடைய இலக்கம் மற்றொருவருடையதைவிடப் பெரிது என்று பெருமை கொள்வாருமில்லை. இவை பெயர்களே. இவற்றை வெறும் தொகைகளென்று கருதி யந்திரத்திடம் ஒப்படைப்பதனால் விளையும் இடரைப் பற்றியும், அவ்விடரை யார் சுமக்கவேண்டும் என்பது பற்றியும் சில கருத்துக்களை இம்மலரின் வாயிலாக வாசகர் முன் வைக்க விரும்புகிறேன்.

இன்று பல அலுவலகங்களின் வாயிலில் ஒரு சிறு பெட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. அட்டையை அதன் அருகே காட்டினால் கதவு திறக்கின்றது, வரவும் பதியப்படுகின்றது. நூல்நிலையத்திலே நூலின் அட்டைக்குள் ஒட்டிய மெல்லிய சில்லு ஒன்று, அந்நூல் இன்னதென்று வாசிப்பானுக்கு அறிவிக்கின்றது. ஆர்.எப்.ஐ.டி. என வழங்கும் இம்முறையில், சில்லுக்குப் பெரும்பாலும் மின்கலம் வேண்டுவதில்லை. வாசிப்பான் அனுப்பும் அலையிலிருந்தே வலுவைப் பெற்று, தன்னுள் பொறித்த இலக்கத்தை அது திருப்பிச் சொல்லும். 1973ஆம் ஆண்டில் மாரியோ கார்டுல்லோ என்பார் அமெரிக்காவில் இத்தகைய கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அரை நூற்றாண்டுக்குள் அது சட்டைப் பைக்குள் அடங்கும் பொருளாயிற்று.

சில்லு சொல்வது ஒன்றே. அதனைக் கேட்டெழுதும் வாசிப்பான்களோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையாக எழுதுகின்றன. இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 125 கிலோஹேர்ட்ஸ் அலையில் இயங்கும் மலிவான வாயில் அட்டைகளில் 40 பிற்றுகள் கொண்ட இலக்கம் அடங்கியிருக்கும். அவற்றுள் முதல் எட்டை விடுத்து, எஞ்சிய 32 பிற்றுகளையே பெரும்பாலும் அட்டையின்மேல் பத்துத் தானங்களாக அச்சிடுவர். அந்த 32 பிற்றுகளைப் பதினறும முறையில் எழுதினால் 00 5ஏ 2சி 1எப் என்று வருவதாகக் கொள்வோம். தசம முறையில் எழுதும் வாசிப்பான் இதனை 0005909535 என்று எழுதும். முன்னுள்ள பூச்சியங்களைப் பயனற்றவை என்று கருதும் மற்றொன்று 5909535 என்று எழுதும். வேறொன்று ஈற்றிலுள்ள 24 பிற்றுகளை மாத்திரம் எடுத்து, எட்டும் பதினாறுமாகப் பிரித்து, 090,11295 என்று இரு கூறாக்கும். இன்னொன்று பைற்றுகளை வலமிருந்து இடமாக அடுக்கி 0523000320 என்று கூறும். அட்டை ஒன்று; அதனைத் தாங்கியவர் ஒருவர்; பதிவேட்டில் தோன்றும் ஆட்களோ நால்வர்.

இஃது ஏன் நிகழ்கின்றது என்பதை அறிய நம் முன்னோர் கையாண்ட நாணயத்தை நினைத்தல் போதும். இலங்கையில் 1872ஆம் ஆண்டிலேயே ரூபாவுக்கு நூறு சதம் என்னும் கணக்கு வந்துவிட்டது. இந்தியாவிலோ 1957ஆம் ஆண்டுவரை ரூபாவுக்குப் பதினாறணா. அரை ரூபாயை இங்குள்ளவர் ஐம்பது என்றனர். அங்குள்ளவர் எட்டு என்றனர். பொருள் ஒன்று, எழுத்து வேறு. இரு கரையிலும் உறவினரைக் கொண்டிருந்த குடும்பங்கள் இதனால் குழம்பவில்லை. ஏனெனில், எட்டு என்ற மாத்திரத்தில் எட்டு அணாவா எட்டுச் சதமா என்று கேட்டுத் தெளியும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. யந்திரத்துக்கு அவ்வழக்கமில்லை. எழுத்து வேறானால் பொருளும் வேறென்றே அது முடிவு கட்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டை வாசகர் ஊன்றி நோக்கவேண்டும். வடிவ மாற்றங்கள் இரு வகையின. மீட்கக்கூடியவை ஒரு வகை; மீட்கவியலாதவை மறு வகை. பதினறும எண்ணைத் தசம எண்ணாக்குவதும், பைற்றுகளின் வரிசையைத் திருப்புவதும் முதல் வகை. செய்ததை அறிந்தால் அப்படியே மீட்டுவிடலாம். தானங்களின் தொகை முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தால் உதிர்ந்த பூச்சியங்களையும் திரும்ப வைக்கலாம். நூல்நிலையங்களில் வழங்கும் ஐ.எஸ்.ஓ. 15693 வகைச் சில்லின் இலக்கம் ஈ0 என்று தொடங்குதல் விதி. அவ்விரு குறிகளும் ஈற்றில் காணப்பட்டால், வாசிப்பான் தலைகீழாக எழுதியிருக்கின்றது என்று எளிதில் அறியலாம். இவ்வகைப் பிழை தொல்லை தருவது, ஆனால் திருத்தக்கூடியது.

மற்றைய வகையே அஞ்சத்தக்கது. வாயிற் கருவிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் வீகண்ட் முறையிலே 26 பிற்றுகள் அனுப்பப்படும். அவற்றுள் இரண்டு சரிபார்ப்புக்கானவை, எஞ்சுபவை 24. நாற்பது பிற்று அட்டையிலிருந்து 24ஐ மட்டும் எடுத்தால் 16 பிற்றுகள் காற்றோடு போயின. மேற்கூறிய அட்டையின் இலக்கம் 00 5ஏ 2சி 1எப் அன்றோ? 01 5ஏ 2சி 1எப் என்ற இலக்கமுடைய மற்றோர் அட்டை இருக்குமாயின், அதன் பத்துத்தான எண் 0022686751 என்று முற்றிலும் வேறாக அச்சிடப்பட்டிருக்கும். ஆயினும் 24 பிற்று வாசிப்பானுக்கு அதுவும் 090,11295 என்றே தோன்றும். இருவர் ஒருவராகிவிட்டனர். இதனை எந்த நிபுணராலும் பதிவேட்டைப் பார்த்துப் பின்னர் பிரித்தெடுக்க முடியாது. பிரிக்கவேண்டிய செய்தியே அங்கு எழுதப்படவில்லை.

இது கதவு திறப்பதோடு முடியும் காரியமாயின் நாம் இத்துணை வருந்த வேண்டியதில்லை. கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஊதியம் தராசின் முன் நிற்கும் கணத்தில் நிர்ணயமாகின்றது. இறாத்தலில் நிறுத்த காலத்தில் கணக்கப்பிள்ளை பெயர் சொல்லி எழுதினார். அவர் எழுதியது பிழையென்றால் அவ்விடத்திலேயே வாய்திறந்து வழக்குரைக்க முடிந்தது. இனி இலத்திரன் தராசும் அட்டையும் இணையும் இடங்களில் நிறை நேரே இலக்கத்தின்கீழ்ச் சேரும். இலக்கங்கள் இரண்டு ஒன்றாயின், ஒருத்தியின் கூடையில் இருந்த கொழுந்து மற்றொருத்தியின் கணக்கில் ஏறும். மாத முடிவில் குறைந்த தொகையைக் கையில் வாங்குபவள், 26 பிற்றுக்கும் 40 பிற்றுக்கும் உள்ள பேதத்தை எவ்வாறு அறிவாள்? அறியாதவளிடம் நிரூபணம் கேட்பது நீதியாகுமா?

வாசிப்பானைத் தாண்டிய பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை. அலுவலகங்களில் எழுதுவினைஞர் யாவரும் விரிதாளிலேயே பட்டியல் இடுகின்றனர். எக்ஸெல் போன்ற மென்பொருள், எண்போல் தோன்றும் யாவற்றையும் தொகையென்றே கொள்ளும். முன் நிற்கும் பூச்சியத்தை உதிர்க்கும். பதினைந்து தானங்களுக்கு மேற்பட்ட எண்ணில் ஈற்றுத் தானங்களைப் பூச்சியமாக்கிவிடும். இலக்கங்களின் நடுவே ஈ என்னும் ஆங்கில எழுத்து ஒன்று மாத்திரம் வரும் பதினறும எண்ணைக் கண்டால், அது பத்தின் அடுக்கைக் குறிப்பதென்று எண்ணி, உருத்தெரியாத பெருந்தொகையாக மாற்றும். இதனை அற்ப விஷயம் என்பாருக்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு, மார்ச், செப்ரெம்பர் என்னும் மாதப் பெயர்களின் சுருக்கம்போல் அமைந்த மரபணுக் குறியீடுகளை விரிதாள்கள் திகதிகளாக மாற்றிவிட்டமையால், அக்குறியீடுகளையே புதியனவாக்கி 2020ஆம் ஆண்டில் நெறிமுறை வெளியிட்டது. மென்பொருள் வளையவில்லை, விஞ்ஞானம் வளைந்தது. விஞ்ஞானிகளின் சபைக்கே இக்கதியாயின், தோட்டத்துக் காரியாலயத்தின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

ஒழுங்கு செய்தல் இயலாத காரியம் என்றும் கூறுவதற்கில்லை. விலங்குகளின் தோலுக்கடியில் வைக்கும் சில்லுகளை நோக்குக. முன்னர் ஒரு கம்பனி ஒன்பது தானங்களிலும், வேறொரு கம்பனி எழுத்தும் எண்ணும் கலந்த பத்துத் தானங்களிலும் இலக்கம் வழங்கின. ஒன்றின் சில்லை மற்றொன்றின் வாசிப்பான் அறியாது. ஐ.எஸ்.ஓ. 11784, 11785 என்னும் நியமங்கள் இதற்கு ஒரு முடிவு கண்டன. இலக்கம் பதினைந்து தானம். முதல் மூன்றும் நாட்டுக் குறியீடாகவோ, 900க்கு மேற்பட்டதாயின் உற்பத்தியாளர் குறியீடாகவோ இருக்கும். எஞ்சிய பன்னிரண்டும் அவ்விலங்குக்கே உரியவை. அந்நாட்டு வரிசையில் இலங்கைக்குரிய குறியீடு 144. நாட்டின் மிருக வைத்தியர்கள் பயிலும் பீடம் நம் அயலிலுள்ள பேராதனையிலேயே இருப்பதால், நம் மாணவர்கள் இதனை நேரில் கேட்டறியவும் கூடும். நாய்க்கும் குதிரைக்கும் இவ்வளவு சிரத்தையோடு ஒரே வடிவத்தை வகுக்க முடிந்த உலகத்தாருக்கு, மனிதருக்கும் அதனைச் செய்தல் அரிதன்று.

மனிதருடைய இலக்கத்துக்கு வருவோம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் நமது தேசிய அடையாள அட்டை தோன்றியது. அதன் பழைய இலக்கம் ஒன்பது தானங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. முதல் இரண்டும் பிறந்த ஆண்டின் ஈற்றிலக்கங்கள்; அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பதைக் காட்டுவன. பெண்ணாயின் அந்நாளுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எக்காலமும் 29 நாள் என்றே கொள்வதால், மார்ச் முதலாந் திகதி எவ்வாண்டாயினும் 61ஆவது நாளாகும். ஆகவே 1958 மார்ச் முதலாந் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 58561 என்று தொடங்கும். பின் மூன்று தானம் தொடரிலக்கம், ஒன்று சரிபார்ப்பிலக்கம். ஈற்றில் நிற்கும் எழுத்து வாக்குரிமையைக் குறித்தது: உடையவருக்கு வி, இல்லாதவருக்கு எக்ஸ்.

இரண்டாயிரமாம் ஆண்டில் பிறந்த பிள்ளைகள் அட்டை பெறும் பருவத்தை அடையவே, இரு தானங்களில் ஆண்டைக் குறிக்கும் முறை போதாதாயிற்று. 2016ஆம் ஆண்டு தொடக்கம் பன்னிரண்டு தானங்கொண்ட புதிய இலக்கம் வழங்கப்படுகின்றது. ஆண்டு நான்கு தானம், நாள் மூன்று, தொடரிலக்கம் நான்கு, சரிபார்ப்பு ஒன்று, எழுத்து இல்லை. பழைய இலக்கத்தைப் புதிய வடிவிற்கு மாற்ற விரும்புவோர் முன்னே 19 சேர்த்து, நாளுக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, ஈற்றெழுத்தை நீக்குவர். விதி எளிதே. ஆயினும் ஒருவருடைய இலக்கம் வங்கியில் ஒரு வடிவத்திலும், சேமலாப நிதியில் மற்றொரு வடிவத்திலும், வைத்தியசாலையில் எழுத்து விடுபட்டும் பதியப்பட்டிருந்தால், அம்மூன்றும் ஒருவரே என்று சொல்லப் பொறிக்குத் தெரியாது. நீங்கிய எழுத்தோ, மேற்கூறியபடி, மீட்கவியலாத வகையைச் சேர்ந்தது.

மலைநாட்டுத் தமிழருக்கு இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு சமுதாயம், 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தபோது, இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குப் பத்திரங்களைக் காட்டுமாறு பணிக்கப்பட்டது. பிறப்பைப் பதியாத லயத்திலும், பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிய செக்ரோலிலும் அவர்கள் பத்திரத்துக்கு எங்கே போவர்? 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை 5,25,000 என்றும் 3,00,000 என்றும் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என ஒதுக்கியது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே அவ்வவலம் ஒருவாறு தீர்ந்தது. தாம் தாமே என்று நிரூபிக்கும் பாரத்தை அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சுமந்த மக்கள் இவர்கள். அப்பாரத்தை யந்திரத்தின் பெயரால் மீண்டும் அவர்கள் தலையில் ஏற்றலாகாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

“பொறியியலாளர் பார்த்துக்கொள்வர்; நமக்கேன் இந்தச் சிரமம்?” என்று வினவுவோர் உளர். பொறியியலாளர் மாற்றுச் சூத்திரத்தை எழுதுவர் என்பது மெய்யே. ஆயின் எவ்வடிவத்தை அடிப்படையாகக் கொள்வது, இலக்கம் பொருந்தாதபோது வாயிலில் நிற்பவரை என்ன செய்வது என்பவை சூத்திரத்தால் தீர்வன அல்ல. அவை நிருவாகத்தின் தீர்மானங்கள். வேறு சிலர், “சகலரும் ஒரே கம்பனியின் வாசிப்பானை வாங்கினால் தொல்லை ஒழிந்தது” என்பர். அக்கம்பனி மாதிரியை மாற்றும் நாளிலும், விலை குறைந்த கேள்விப்பத்திரம் வெல்லும் நாளிலும் அத்தொல்லை திரும்பவும் வந்து சேரும். வடிவம் ஸ்தாபனத்தின் சொத்தாயிருத்தல் வேண்டும். வியாபாரியின் சொத்தாயிருத்தல் ஆகாது.

செய்யவேண்டுவன யாவை? என் கருத்தில் அவை நான்கு. முதலாவது, வாசிப்பானை வாங்குமுன் ஓர் உத்தம வடிவத்தைத் தீர்மானித்து எழுதி வைத்தல்: இத்தனை தானம், இன்ன எண்முறை, பைற்றுகள் இன்ன வரிசை, முன் பூச்சியங்கள் உட்பட. இரண்டாவது, இலக்கத்தை எழுத்துத் தொடராகவே பதிதல். அதனைத் தொகையாக எங்கும் கொள்ளாமை. மூன்றாவது, வாசிப்பான் சொன்னதைச் சொன்னபடியே ஒரு பத்தியிலும், உத்தம வடிவத்துக்கு மாற்றியதை அடுத்த பத்தியிலும் வைத்தல். மாற்றம் வாயிலிலேயே நிகழ்க. பேரேட்டில் ஏறிய பின் துப்புரவு செய்யலாம் என்பது வீண் நம்பிக்கை. முழு இலக்கத்தையும் தராத வாசிப்பானை ஆட்களை அடையாளங்காணும் பணிக்கு ஏற்கவே கூடாது. நான்காவதும் தலையாயதும் இது: பொருந்தாத இலக்கத்தோடு ஒருவர் வந்து நிற்பாராயின், பிழை யந்திரத்தினது என்று முதற்கண் கொள்ளல் வேண்டும். அவர் சேவையைப் பெறுக. இலக்கத்தைப் பின்னர் அலுவலகம் தேடித் திருத்துக.

இந்நான்கினையும் பெரிய திணைக்களங்களுக்கு மட்டும் உரியவை என்று தள்ளிவிடலாகாது. பழைய மாணவர் சங்கத்தின் அங்கத்தவர் இடாப்பும், கல்லூரியின் சேர்விடாப்பும் கணினியில் ஏற்றப்படும்போது இவ்விதிகள் அங்கும் பொருந்தும். பழைய இடாப்பில் பூச்சியமிட்டு எழுதிய சேர்விலக்கம் அவ்வாறே இருக்கட்டும். ஒருவர் விடுகைப் பத்திரத்தின் பிரதி கேட்டு முப்பது ஆண்டுகளுக்குப் பின் வரும்போது, “உம்முடைய இலக்கம் இங்கில்லை” என்னும் விடை நம் காரியாலயத்திலிருந்து எழலாகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் துவித எண்ணையும் பதினறும எண்ணையும் மாணவர் மாற்றிப் பழகுகின்றனர்; பரீட்சை முடிந்ததும் மறக்கின்றனர். ஒரு நாள் அவர்கள் கையில் ஒரு வாயில் அட்டையைக் கொடுத்து, அதன்மேல் அச்சிட்ட இரு எண்களும் ஒன்றே என்று நிறுவுமாறு பணியுங்கள். முற்பகுதியை 65,536ஆற் பெருக்கிப் பிற்பகுதியைக் கூட்ட, பத்துத்தான எண்ணுக்கு நிகராவதையும், சிலவற்றில் நிகராகாமல் எஞ்சுவதையும் அவர்கள் தாமே காண்பர். எஞ்சுவதன் காரணத்தைக் கண்டறிந்த மாணவன் நாளை ஒரு தோட்டக் காரியாலயத்திலோ வங்கியிலோ வைத்தியசாலையிலோ பணிபுரியும்போது, முன்னே நிற்கும் ஏழையை ஐயுறுவதற்கு முன் யந்திரத்தை ஐயுறுவான். கணிதத்தைக் கற்பித்ததன் பயன் அதுவே.

இலக்கம் மாறினால் ஆள் மாறுவதில்லை. பலவாறு எழுதப்படினும் ஒருவர் ஒருவரே. ஒன்றாக எழுதப்படினும் இருவர் இருவரே. இவ்வுண்மையை யந்திரம் தானாக உணராது. அதனை ஆளும் நாமே உணர்ந்து, அதற்கேற்ப விதி வகுத்தல் வேண்டும். இக்கல்லூரியில் எண்ணும் எழுத்தும் பயின்று வெளியேறிப் பல துறைகளிலும் பொறுப்புடன் அமர்ந்திருக்கும் பழைய மாணவர்கள், தத்தம் காரியாலயங்களில் இதனை இன்றே தொடங்குவார்களாக.